எரியாத சிவப்பு விளக்கு

கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் டாஷ்போர்டைப் பார்ப்பதில்லை சார். பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார்கள், பாட்டு வைக்கப் பட்டனைத் தேடுவார்கள். மற்ற விளக்குகள் அவர்களுக்குத் திருவிழா சீரியல் பல்பு மாதிரி.

என் அக்கா ஸ்ரீலட்சுமியின் கணவர் பத்மகுமார் அந்த ரகம். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டிலேயே அவர்கள் இருந்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுப்பவன் என்பது அவருக்குப் பெரிய வசதி. வண்டி தும்மினாலும் என்னிடம்தான் வருவார்.

அன்று காலையும் வந்தார். "மணி, இந்த ஆயில் லைட்டு விட்டு விட்டு எரியுது கேட்டியா. ஆயில் நெறையத்தான் கெடக்கு. பின்ன எதுக்கு எரியணும்?"

எண்ணெய் இருப்பது வேறு, அதற்கு அழுத்தம் இருப்பது வேறு. இதைச் சொன்னால் அவருக்குக் கொட்டாவி வரும். விளக்கு எரிய இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அதை எரிய வைக்கும் சென்சார் பொய் சொல்ல வேண்டும். அல்லது அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்க வேண்டும். ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டி, எஞ்சினைச் சூடாக ஓடவிட்டேன். முள் எழும்பவே இல்லை. அடியில் பேரிங் தட்டும் சத்தமும் கேட்டது. சென்சார் சொன்னது உண்மை. அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

பத்மகுமார் பக்கத்தில் நின்று போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "சீரியஸா, மணி?"

"ஒண்ணுமில்ல அத்தான். சென்சார் கம்ப்ளெயிண்டு."

"நான் அப்பவே சொன்னேன்லா, லட்சுமி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சென்சாரைத் திருப்பி மாட்டினேன். வயரை மட்டும் மாட்டவில்லை. முனையில் டேப் சுற்றி ஓரமாகச் செருகிவிட்டேன். இனி அந்த விளக்கு எரியாது. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், அது ஒரு தடவை எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் கோளாறு. என் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கும் மனிதருக்குத் தெரியவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அவருக்கு மலையடிவாரத்தில் இருக்கும் விதுராவுக்கு மாற்றலாகியிருந்தது. அங்கே வீடு பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, ஆப்பத்தை மென்றுகொண்டே என்னிடம் சொன்னார். "லட்சுமியும் வாறா. நீயும் காலாகாலத்துல ஒருத்தியக் கெட்டிக்கோ டே." அம்மா போன பிறகு அக்கா கையால்தான் சாப்பிட்டுவந்தேன். மேஜையை மாற்றிப் போடுவதுபோல அவளை மாற்றிப் போட அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் வயரைக் கழற்றியதற்கு அடுத்த நாள் போனக்காடு மலையில் ஒரு நண்பரைப் பார்க்க அவர் தனியாகப் போவதாக இருந்தது. புறப்படும் நேரத்தில் அக்கா பிளாஸ்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"நானும் போறேன் மணி. அந்த மலையைப் பாத்ததே இல்ல. குழம்பு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்றுச் சொன்னது பொய் என்று அவர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது சார்.

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றேன்.

எண்ணெய் ஏறாமல் ஏற்றத்தில் வெந்துபோன பேரிங், இறக்கத்தில் இறுகி எஞ்சினை நிறுத்திவிட்டது. அப்போதும் அவர் வண்டியைக் கியரிலேயே விட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் வண்டி தானாகவே இழுத்து நின்றிருக்கும். பதறிப்போய் கிளட்சை மிதித்திருக்கிறார். வண்டி உருள ஆரம்பித்தது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். அவர் விட்டு விட்டு மிதித்து அதையும் தீர்த்திருக்கிறார். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வளைவில் வண்டி கவிழ்ந்தது. அக்கா அங்கேயே போய்விட்டாள். அவருக்குக் கால் மட்டும் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பிரேக்கு பிடிக்கல மணி. நாந்தான் அவளக் கொன்னுட்டேன்." நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

உங்கள் போலீஸ் ஆட்கள் வண்டியைப் பார்த்துவிட்டு பிரேக் பெயிலியர் என்று எழுதியிருப்பதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அந்த பிரேக்கை நான் சரிபார்த்திருக்கிறேன், அதில் ஒரு குறையும் கிடையாது. எஞ்சினைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் பக்கத்தில் டேப் சுற்றிய வயர் இருக்கும். அது என் வேலை. ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள்கூட உங்களிடம் இல்லையா?

ஆனால் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் அத்தானைத்தான் கொல்லப் பார்த்தேன். அக்காவை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போனது அவர்தான்.