பெருமாநல்லூரிலிருந்து வந்த ஃபிரிட்ஜ்

கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள். லிங்கசாமி, முதலில் சிரிப்பவனும் நீதான், முதலில் பயப்படுகிறவனும் நீதான். நடுவில் வந்து உட்கார்.

இது என் சிநேகிதன் நஸ்ருதீனுடைய அக்கா வீட்டில் நடந்தது. அக்கா பெயர் சைதுன்னிசா. அவள் புருஷன் பசீர் அகமது, பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டர்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி... என்ன முழிக்கிறீர்கள்? பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலும் அதற்குத் தோதான நேரந்தான். பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் வரும் ரோடு. அப்போது இத்தனை கட்டடம் கிடையாது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காய்ந்த சோளக்காடு. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரே ஒரு டெம்போ வருகிறது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பழைய ஃபிரிட்ஜ். அது சாயாமல் பிடித்துக்கொண்டு பசீர் நிற்கிறார்.

பாதி வழியில்... டொக். டொக். டொக்.

கயிறு தளர்ந்துவிட்டது என்று நினைத்து வண்டியை நிறுத்தச் சொன்னார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். காற்றுகூட இல்லை... டொக். டொக். டொக். உள்ளேயிருந்து வந்தது. திறந்து பார்த்தார். காலி. ஊசி போடும்போது தடவுவார்களே, ஸ்பிரிட்... அந்த வாசனை மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது.

இருபது வருஷமாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறேன். அது ஏன் சத்தம் போடுகிறது என்று என்னைக் கேளுங்கள். கம்ப்ரஸர் ஓடினால் ம்ம்ம் என்று முனகும். குழாயில் கேஸ் போகும்போது களக் களக் என்னும். மோட்டார் நிற்கும்போது ஒரு குலுக்கு. குளிரில் உள்பக்கத்து பிளாஸ்டிக் சுருங்கினால் படக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒயரைச் சுருட்டிக் கட்டி டெம்போவில் ஏற்றிய ஃபிரிட்ஜ் ஆள் மாதிரி கதவைத் தட்டாது. நான் பார்த்ததில்லை.

பசீர் அதை ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. மகள் ஜுபைதாவுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டால்தான் உயிர். மருந்தை ஈர மணல் பானையில் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். வெயிலுக்குக் கெட்டுப்போனது. ஃபிரிட்ஜ் இல்லாமல் முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டை ஒட்டியே நிட்டிங் கம்பெனி. வாரத்தில் ஆறு நாளும் மெஷின் இரைச்சல். பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்துவார்கள். அடுத்த ஞாயிறும் வந்தது. பகலில் கரண்டும் இல்லை. சைதுன்னிசா அடுப்படியில் இருந்தாள்.

டொக்... டொக்... அப்புறம் டொக்டொக்டொக்டொக் என்று அவசரமாக.

ஓடி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஸ்பிரிட் வாசனை. உள்ளே எதுவும் அசையவில்லை. மூடிவிட்டுத் திரும்பினால், பாயில் படுத்திருந்த ஜுபைதா வேர்வையில் தொப்பலாக நனைந்து, கைகால் வெட்டிக்கொண்டு கிடக்கிறாள். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. அள்ளி மடியில் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். பிள்ளை கண் திறந்ததும் தட்டல் நின்றது.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்று தடவையும் தட்டிய பிறகுதான் தாய் ஓடினாள், பிள்ளை பிழைத்தாள். சைதுன்னிசாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. தட்டினால் ஓட வேண்டும், தட்டாவிட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று பழகிக்கொண்டாள். பாவம், அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

பசீருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சத்தத்தை வைத்தே மெஷினில் எந்த ஊசி உடைந்தது என்று சொல்கிற மனிதர். ஒருநாள் நேராகப் பெருமாநல்லூர் போய், ஃபிரிட்ஜை விற்ற நிட்டிங் கம்பெனிக்காரர் கிட்டுசாமியின் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, எனக்கு விக்கறதுக்கு முன்னால அந்த ஃபிரிட்ஜுல என்ன வெச்சிருந்தீங்க?"

கிட்டுசாமி அவரை மெஷின் இரைச்சலிலிருந்து தள்ளி வாசலுக்குக் கூட்டி வந்தார்.

"எந் தங்கச்சி மயிலாளுக்கு வாங்குனதுங்க. அவளுக்குச் சக்கரை. ஊசி மருந்து வெக்கறதுக்குத்தான்."

"இப்ப எங்கீங்க இருக்காங்க?"

"இல்லீங்க... போயிட்டா. ஷிப்மெண்டு அவசரம்னு நாயித்துக்கெழமையும் மெஷின் ஓட்டிட்டு இருந்தமுங்க. பக்கத்து ரூம்புல மயக்கம் வந்து உழுந்து, செவுத்தத் தட்டியிருக்கறா. இருவது மெஷின் ஓடுற சத்தத்துல எவனுக்குங்க கேக்கும்? போயிப் பாக்கறப்ப விரல் மொளியெல்லாம் தோலு உரிஞ்சு கெடந்துச்சுங்க."

"அப்புறம் இங்க இருந்தப்ப... ஃபிரிட்ஜுல சத்தம் ஏதாச்சும்?"

"இங்க எங்கீங்க கேக்கும்? ராவும் பகலும் மெஷின் ஓடுதுங்களே."

பசீர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. செத்துப்போன ஒரு பெண் நடுவீட்டில் நின்று தட்டுகிறாள் என்று எந்த வாயால் சொல்வார்? தூக்கி எறியவும் முடியாது, மகளின் மருந்து அதற்குள் இருக்கிறது. சத்தத்தையாவது அடக்கிவிடலாம் என்று நினைத்தார். நிட்டிங் கம்பெனியில் மூடி ஆடினாலும் தகடு அதிர்ந்தாலும், வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணியை, பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி இடுக்கில் திணிப்பார்கள், சத்தம் அடங்கிவிடும். அவர் கை அந்த வேலைக்குப் பழகிய கை. ஒரு சனிக்கிழமை, சைதுன்னிசா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சோமனூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். பசீர் ஃபிரிட்ஜை நகர்த்தி, மோட்டாரைச் சுற்றி, அடியில், பின்பக்கத்து இடுக்கு ஒன்று விடாமல் வேஸ்ட் துணியைத் திணித்தார். பழையபடி சுவரோடு தள்ளி வைத்தார். அவர்கள் திரும்பி வந்தபோது அவர் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. பசீர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சைதுன்னிசா புழக்கடையில் துணி துவைத்தாள். இரண்டு தரம் கையை நிறுத்திக் காது கொடுத்தாள்... ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்று மிச்சத் துணியையும் துவைத்து, அலசி, காயப்போட்டாள்.

இரண்டு மணிக்குச் சோறு போட எழுப்பினால் ஜுபைதா எழவில்லை. பல் கிட்டிக் கிடந்தது. உடம்பு சில்லென்று இருந்தது.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள்... நினைவே இல்லை. பிழைத்தாலும் புத்தி எப்படி இருக்குமோ என்று டாக்டர் இழுத்தார். பசீர் கட்டிலின் கால்மாட்டை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறந்தாள். சைதுன்னிசா அழுதுகொண்டே அவள் தலையைத் தடவினாள். ஜுபைதா தாயைத் தாண்டித் தகப்பனைப் பார்த்தாள்.

"அத்தா... அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா, கண்ணு?"

"நாயித்துக்கெழம வருவாங்களே, அவிங்கதான். அன்னிக்கும் எம்பக்கத்துல உக்காந்து அம்மாவக் கூப்புட்டாங்க, அத்தா. ரொம்ப நேரம் கூப்புட்டாங்க. சத்தமே வர்ல..."

பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பசீர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வாயி நெறையா பனியன் வேஸ்ட்டு."