துண்டு போட்ட டோல்

"என் கையைத் துண்டு துண்டா வெட்டிட்டு, அதே மாதிரி அடின்னா எப்படிடா?"

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்ட குரல். டோல் என்கிற மேளம் அடிப்பவர் ஒருவர், பக்கத்தில் அவருடைய மச்சினன். அவன் போனில் ஒரு மியூசிக் ஆப் திறந்திருந்தது. ஏதோ விழாவில் இவர் அடித்ததைப் பதிவு செய்து, நறுக்கி, இடம் மாற்றி, வேகம் கூட்டிப் புதுத் தாளமாக்கியிருந்தான்.

"எல்லாம் உன் அடிதானே மச்சான்? வேற யாரோடதும் கலக்கல."

"அடி என்னோடது. வரிசை என்னோடது இல்லையே. என் கை அப்படிப் போகாது."

"நாளைக்குப் பள்ளுருத்தி கல்யாணத்துல உன் டோலும் இந்தப் போன் தாளமும் சேர்ந்து வரும்னு சொல்லிட்டேனே."

"என்கிட்ட கேட்டியா? போனையே மேடையில ஏத்து. அதுக்குச் சாயாகூட வாங்கித் தர வேண்டாம்."

மச்சினன் சிரிக்கவில்லை. வேகத்தைக் குறைத்துப் போட்டான். அவர் தன் முன்னாலிருந்த கம்பியில் விரலால் கூடவே தட்டிப் பார்த்தார். தட்டத் தட்டத் தவறியது.

"அப்ப நீ வர மாட்டியா மச்சான்?"

பஸ் பாலத்தில் ஏறியது. அவர் கம்பியிலிருந்து விரலை எடுத்தார்.

"வேகத்தைக் குறைக்காதே. நடுவில கொஞ்சம் இடம் காலியா விடு. அங்க நான் என் இஷ்டத்துக்கு அடிப்பேன். அப்புறம் உன் போன் அடிக்கட்டும்."

"எவ்வளவு இடம் விடணும்?"

"நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும்."