கடிகாரம் பிடித்த நாடகம்

தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் மாலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். வாக்மேனைக் கழுத்தில் மாட்டி, மடியில் ஒரு தேங்காயை வைத்திருந்தவர் பக்கத்து நண்பரிடம் சொன்னார்:

"நான் வேலைக்கு வந்துட்டா, எங்க வூட்டுக் கடிகாரம் எனக்காக ரேடியோ நாடகம் புடிச்சு வைக்குது மச்சான்."

"கடிகாரமா?"

"அலாரம் அடிக்கிறப்ப பின்னாடி சாவி சுத்தும்லா. அதுல கயிறு கட்டி ஒரு படிக்கல்லைத் தொங்க வுட்டிருக்கேன். கயிறு தளர்ந்தா கல்லு எறங்கி டேப்பு ரெக்கார்டு பட்டனை அமுக்கிடும். மறுநாள் பஸ்ஸுல கேட்டுக்குவேன்."

"ரேடியோவுக்கும் டேப்புக்கும் ஒயரு?"

"ஒயரு இல்ல. பக்கத்துல வச்சிருக்கேன். வூட்டுல யாரு பேசினாலும் அதுவும் டேப்புல சேந்து வுழுந்துரும். அது எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சு போச்சு, அதான் வினை."

"நேத்து கடைசி பாகமாச்சே. கொலை செஞ்சது யாரு?"

"காலையில கேட்டேன். இன்ஸ்பெக்டர் 'கொலைகாரன் வந்து...'ன்னு இழுக்குறாரு. அந்த நேரம் பாத்து இவ டேப்பு கிட்ட வந்து, 'ஏங்க, நாளைக்கு வர்றப்ப தேங்கா வாங்கிட்டு வாங்க'ங்கிறா."

"அப்ப யாருன்னே தெரியாதா?"

"அவளுக்குத் தெரியும்," என்று தேங்காயை மடியில் நகர்த்தி வைத்தார். "வெறுங்கையோட போனா சொல்ல மாட்டா."