தேர் போகும் தெருவில் ஒரு மேல்மாடி

"சாமி தலைக்கு மேல என்னால குடியிருக்க முடியாதுங்க."

பேருந்தில் என் முன்னிருக்கைப் பெண்மணிதான் கணவரிடம் இப்படிச் சொன்னார். மடியில் ஊன்றுகோல் இருந்தது. பினாங்கு வீதியில் விற்பனைக்கு வந்திருக்கும் உச்சி மாடி வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வண்டியில் பதினொரு பேர்; மற்ற ஒன்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"உனக்காகத்தானே வள்ளி. போன தைப்பூசத்துல கூட்டத்துல நிக்க முடியாம அழுதியே. அங்கன்னா சன்னல்ல உக்காந்தே தேரைப் பாக்கலாம்."

"தேர் வர்றப்ப மாடியில இருக்கிறவங்களே கீழ இறங்கிடுவாங்க. நான் மட்டும் மேல இருந்து சாமியைக் குனிஞ்சு பாக்கவா?"

"இறங்கத்தான் லிப்டு இருக்குதுலா."

"அன்னிக்குப் பாத்து கரண்டு போச்சுன்னா?"

"நான் தூக்கிட்டு இறங்குறேன்."

"கல்யாணத்தன்னிக்கு மாலையைத் தூக்கவே உங்களுக்கு மூச்சு வாங்குச்சு."

என் நிறுத்தம் போய்விட்டது. இனி அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க வேண்டும்.

"சரி, அந்த வீடு வேணாம்," என்றார் அவர். "தேர் போற வழியில நாற்காலி போட்டு உன்னை உக்கார வைக்கிறேன். கூட்டம் இடிக்காம முன்னால நான் நிக்கிறேன்."

"நீங்கதான் மறைப்பீங்க."

"அப்ப பக்கத்துல நிக்கிறேன்."

அந்தப் பெண்மணி மடியிலிருந்த ஊன்றுகோலை மறுபக்கம் வைத்துவிட்டு, கணவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.