மூன்றாம் பாகத்தில் நின்ற தோணி

ராயபுரம் சரக்குக் கொட்டகையின் கம்பீரக் குரலே! மை தொட்டு மூட்டைமேல் ஊர்ப்பெயர் தீட்டிய கையே! எங்கள் வேம்பு அண்ணனே! வணக்கம்.

நான்கு பாகம் கொண்ட அந்தப் பழைய நாவலை, வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளுக்குள் முடித்தே தீருவேன் என்று உங்களுக்கு நீங்களே சவால் விட்டீர்கள். "மூட்டைல பேரு எழுதறவனுக்கு அம்மாம் பெரிய புக்கு இன்னாத்துக்கு நைனா?" என்று சீண்டினார் மூட்டை தூக்கும் அப்பாவு.

"ஊர் பேரா எழுதி எழுதி கை ஓஞ்சுபோச்சுடா. ஒரு ஊருக்குள்ளயாச்சும் பூந்து பாக்க வேணாமா?"

மத்தியானச் சங்கு ஊதியதும் எழுத்தறியாத எங்களையும் உட்காரவைத்து உரக்கப் படித்தீர்கள். யாராவது வராவிட்டால் மூட்டை தூக்கப் பதிலி வருவான். கதை கேட்க மட்டும் பதிலியை நீங்கள் விடவில்லை. "மூட்டைக்குத்தான்டா பதிலி. கதைக்கு ஏது? ஆளு வரட்டும்" என்பீர்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் புத்தகமும் படுத்துக்கொள்ளும். வீட்டில் தனியாகப் படித்து என்றோ முடித்திருக்கலாம். நீங்கள் செய்யவில்லை.

மூன்றாம் பாகத்தில் கதாநாயகி தோணியில் ஏறினாள். அந்த வாரம்தான் அரிசி மூட்டை அடுக்கு சரிந்து அப்பாவு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. அவர் உட்காரும் இடத்தைப் பார்ப்பீர்கள், புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மாதங்கள் அப்படியே போயின.

கொட்டகையில் சிந்தும் தானியம் கூட்டும் பூவம்மா, அப்பாவுவின் மனைவி, ஒருநாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். "அவருக்குப் பதிலி நான் குந்திக்கினேன். படிண்ணா. அந்தப் பொண்ணு கரை சேந்துச்சான்னு சாவறப்பவும் கேட்டுகினே இருந்தாரு."

நீங்கள் முதன்முறையாகப் பதிலியை ஏற்றீர்கள். புத்தகத்தைப் பிரித்தீர்கள். கண்ணருகே கொண்டுபோனீர்கள், தள்ளிப் பிடித்தீர்கள்.

"எழுத்தெல்லாம் சிமிண்டு தூவினாப்ல கீதும்மா."

பூவம்மா எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

நேற்று அந்தப் புத்தகத்தை எங்களிடம் தந்து, "எவனாச்சும் எழுத்துக் கூட்டி முடிங்கடா" என்றீர்கள். நீங்கள் தீட்டிய ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்ற கைதான் இந்த மடலை எழுதுகிறது. தட்டுத்தடுமாறி அந்தப் புத்தகத்தையும் படித்துவிடலாம். ஆனால் நாளை நீங்கள் கோலாரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயில் ஏறுகிறீர்கள். சங்கு ஊதும்போது உங்கள் இடம் வெறிச்சென்று கிடக்கும். அந்த இடத்துக்கு யாரை உட்காரவைப்போம்?

கண் தெளிந்து நெடுநாள் நலமாக வாழுங்கள் என்றுதான் இங்கே எழுத வேண்டும். எழுதிவிட்டோம். கண் டாக்டர் கையை விரித்துவிட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆள் வரட்டும், அண்ணே. அதுவரை அந்தப் பெண் தோணியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சரக்குக் கொட்டகைத் தோழர்கள்:
ராசையா
சௌக்கத் அலி
கிருஷ்ணப்பன்
அப்பாவு (பதிலி: பூவம்மா, கைநாட்டு)