அப்பாவிடம் மிஞ்சிய வார்த்தை

— வேற ஒரு வார்த்தைகூடவா வரல?

— ஒண்ணும் வரலண்ணே. மூணு மாசமா இதே ஒண்ணுதான். பசிச்சாலும் குதிரை, போத்திவிடணும்னாலும் குதிரை. மூளையில ரத்தம் கட்டினப்ப அப்பாவோட மொத்தப் பேச்சும் போயிடுச்சு. அது மட்டும் எப்படியோ ஒட்டிக்கிட்டு நிக்குது.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— பேச்சுப் பயிற்சி குடுக்கிற அம்மா வாரம் ஒரு தடவை வர்றாங்க. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டே போங்க, அவரு எதை நெனச்சுச் சொல்றாருன்னு தெரிஞ்சா மத்ததும் கொஞ்சம் கொஞ்சமா வரலாம்னாங்க. அதை நம்பி நானும் எங்கெங்க குதிரை இருக்கோ அத்தனையும் கொண்டுவந்து காட்டினேன்.

— அத்தனையும்னா?

— மொதல்ல படம். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. பேங்க்ல காவலுக்கு நின்ன காலத்துல கேஷியரோட செஸ் ஆடுவாராமே, அதுல இருக்கிற குதிரையை எடுத்துக் கையில வச்சேன். கீழே போட்டுட்டாரு. முடியைக் குதிரைவாலாக் கட்டிக்கிட்டுப் போய் முன்னாடி நின்னேன், நாப்பது வயசுல. தைக்கத் துணி குடுக்க வந்த பொம்பளைங்க ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனாங்க. நீ பம்ப் ரிப்பேர்காரனாச்சே, மோட்டார் எத்தனை குதிரைசக்தின்னு உன்னைத்தான் விசாரிக்கிறாரோன்னுகூட நெனச்சேன்.

— என்னை எதுக்கு விசாரிக்கப் போறாரு. விடு.

— எதுக்கெடுத்தாலும் விடுன்னுடுவே. கூடவே கிடக்கிறவளுக்குத்தானே தெரியும். கேளேன், இப்பகூடக் கூப்பிடறாரு.

— தண்ணி கேக்கிறாரு போல.

— தண்ணின்னா குரல் மேல ஏறும். திரும்பிப் படுக்கணும்னா இழுத்துச் சொல்லுவாரு. இது அது ரெண்டும் இல்ல. நான் மெஷின்ல உக்காந்து தைக்க ஆரம்பிச்சா தினமும் இந்தக் குரல் வரும். மெதுவா, யாரையோ கெஞ்சற மாதிரி. துணியைப் போட்டுட்டு ஓடினா, கண்ணை மூடாம என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு.

— சரி, சரி. இதுக்காகவா அவ்வளவு தூரத்துலேருந்து வரச் சொன்னே?

— இதுக்கு மட்டும் இல்ல. முந்தாநாள் அவரோட பேங்க்ல காவல் பாத்தவரு ஒருத்தர் பாக்க வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். துப்பாக்கியில விரல் போட்டு இழுக்கிறோமே, அந்தக் கொக்கிக்கும் குதிரைன்னுதாம்மா பேருன்னாரு. முப்பத்தாறு வருஷம் கழிச்சு அப்பா இப்பத்தான் அம்மாவைப் பத்திப் பேச வந்திருக்காரு, நான் செஸ் காயைக் காட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

— அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?

— பேசாம எப்படிண்ணே? துப்பாக்கியைத் துடைக்கிறப்பக் கவனமில்லாம சுட்டுட்டாரு, அம்மா போயிட்டா. கோர்ட்ல அவரே ஒத்துக்கிட்டு ஆறு வருஷம் உள்ள இருந்தாரு. நான் சித்தி வீட்ல வளந்தேன். வெளிய வந்ததுக்கப்புறம் எத்தனையோ தடவை வாசல்ல வந்து நின்னாரு. ஒரு நாளாவது அப்பான்னு கூப்பிட்டிருப்பேனா? என் கல்யாணத்துக்குக்கூட வேண்டாம்னுட்டேன். இப்பவும் பாக்க ஆளில்லையேன்னுதான் கூட்டிக்கிட்டு வந்தேன். பாசத்துல ஒண்ணும் இல்ல.

— தெரியும் பாப்பா.

— நேத்துக் காலைல முகம் துடைச்சுவிட்டுட்டு அவர் பக்கத்துலயே உக்காந்தேன். எனக்குப் புரிஞ்சுபோச்சுப்பா, குதிரையை இழுத்தது தெரியாமதானே, அதுக்குப் போய் இத்தனை வருஷம் கோவிச்சுக்கிட்டேனேன்னு சொன்னேன்.

— குதிரையை இழுத்ததுன்னா சொன்னே? அதே வார்த்தையிலயா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. என்ன பண்ணினாரு?

— அழுதாரு. ஆனா வேணாம் வேணாம்ங்கிற மாதிரி தலையை ஆட்டினாரு. அசைவில்லாத கையைத் தூக்கப் பாத்தாரு, முடியல. இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. மன்னிப்புக் கேக்கிறவரு எதுக்குண்ணே பயப்படணும்? ராத்திரி பூரா அதையே நெனச்சேன். அதான் உனக்குப் போன் போட்டேன். உனக்கு ஏதோ தெரியும்.

— மன்னிச்சாச்சில்ல, அதோட இருக்கட்டும். அவரும் இன்னும் கொஞ்ச நாள்தான்.

— அப்ப தெரியும்.

— பாப்பா, அவரு சுடல.

— என்னண்ணே சொல்றே?

— நீ வாயைத் திறக்கவே கூடாதுன்னு ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அன்னைக்கு மத்தியானம் துடைச்சு முடிச்சு, வேலைக்குக் கிளம்பற அவசரத்துல தோட்டாவையும் போட்டுட்டாரு. அம்மா எதிர்ல உக்காந்து அவரு சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டிருந்தா. குதிரைக்கு எண்ணெய் விட்டாச்சு, இனிமே தொட்டாலே ஓடும்னு அவகிட்ட சொல்லியிருக்காரு. விளையாடிக்கிட்டிருந்த புள்ளை அதைக் கேட்டுட்டு, குதிரை எங்கே, எனக்குக் காட்டுன்னு அடம் பிடிச்சிருக்கு. அவரும் சிரிச்சுக்கிட்டே, இதோ பாரு, இதான் குதிரைன்னு காட்டிட்டார். காட்டிட்டு, பாய் மேல வச்சுட்டு, பெல்ட்டை எடுக்க உள்ள போனாரு. அவ்வளவுதான்.

— நீயாண்ணே?

— வா, அவரைப் போய்ப் பாப்போம்.

— வாயைத் திறந்து சொல்லு.

— ஆமா. நான்தான். போதுமா?

— இதைத் தனியா வச்சுக்கிட்டுத்தான் எங்களை விட்டு அவ்வளவு தூரம் போய் உக்காந்தியா? உன்மேல எனக்கு என்னண்ணே கோவம். பதினோரு வயசுல என்ன தெரியும்...

— சரி, சரி. அழாதே. எழுந்திரு, அவருக்குத் தண்ணி குடுப்போம்.

— பதினோரு வயசு.

— எழுந்திரு பாப்பா.

— பதினோரு வயசுப் பையன் துப்பாக்கியில குதிரை எங்கேன்னு அடம் பிடிப்பானா?

— விடு.

— விடமாட்டேன். அன்னைக்கு நீ எங்க இருந்தே?

— ஸ்கூல்ல. பாதியிலயே யாரோ வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. வாசல் பூரா ஆளுங்க.

— உள்ள?

— உள்ள நீ அப்பா மடியில உக்காந்திருந்தே. நான் இழுத்தேனே, குதிரை ஏம்ப்பா ஓடலன்னு அவரைக் கேட்டுக்கிட்டே இருந்தே.