காப்பி கலந்த மதில்

— சுவத்து மண்ணைத் தண்ணியில பிசையல, தங்கச்சி. காப்பி ஊத்திப் பிசைஞ்சாங்க. அதனாலதான் இந்த ஹரார் ஊரு மதில் நானூத்தம்பது வருசமா கண்ணசராம நிக்குது.

— கேட்டுக்கிட்டேன் அண்ணே. ஆனா நான் கேட்டது காப்பிக்கொட்டை யாவாரி அப்துல்சமத் வீட்டுக்கு வழி. டிரே டாவா பஸ்ஸுல வந்து எறங்கி அரை மணி நேரமா இந்த ஊர் வாசல்லயே நிக்கிறேன்.

— நானும் அந்தப் பக்கந்தான் போறேன். பையை இப்படிக் குடுங்க. என்ன விசயமா?

— என் அக்கா மகன் தௌஃபீக்குக்கு அவர் பொண்ணைக் கேக்க வந்திருக்கேன். பையனுக்குத் தாய் தகப்பன் இல்ல, எல்லாம் நான்தான். மனசுக்குப் பிடிச்சா இன்னிக்கே பேசி முடிப்பேன். இல்லேன்னா சாயங்கால பஸ்ஸு.

— அப்ப வழியே கேக்க வேண்டாம். வாசலுக்கு மேல கம்பளம் சுருட்டி வெச்சிருக்கும்.

— கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்கிற வீடெல்லாம் வெக்கிறதுதானே. பேசி முடிஞ்ச அன்னிக்கு எறக்கிடுவாங்க.

— இவங்க வெச்சு ஒம்பது வருசமாகுது, இன்னும் எறக்கல. கம்பளம் வெளுத்து, என்ன நிறம்னு அதுக்கே மறந்து போச்சு. உள்ள ஒரு குருவிக் குடும்பம் மூணு தலைமுறையா இருக்கு. மூத்த குருவிக்கு நரை கூட விழுந்திருச்சு.

— ஏன், யாரும் வரலையா?

— நாலு இடம் வந்துச்சு. காப்பி குடிச்சாங்க, தகப்பன் பேச்சைக் கேட்டாங்க, எழுந்து போயிட்டாங்க. ஊரு கதையையே இந்த அளவு அளக்கிறவன், பொண்ணு விசயத்துல என்னத்தை மறைக்கிறானோன்னு பயம். பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

— அவர் அவ்வளவு பொய் சொல்வாரா?

— சேச்சே. நான் பார்த்த வரைக்கும் யோக்கியன்.

— சரி, நடங்க. மதில்ல தரையோட ஒட்டி இது என்ன ஓட்டை?

— கழுதைப்புலி வர்ற வழி. மனுசனுக்கு அஞ்சு வாசல் வெச்சவங்க அதுக்கும் வெச்சாங்க. ஒரு கழுதைப்புலி எங்க தாத்தா செருப்பு ஜோடியைத் தூக்கிட்டுப் போயி, மறுநாளே கொண்டாந்து வெச்சிருச்சு.

— ஏனாம்?

— ஒரு ஜோடிதான் இருந்துச்சு. அதுக்கு நாலு காலு.

— கேட்டுக்கிட்டேன். இந்தச் சந்துல ரெண்டு பேரு சேர்ந்து நடக்க முடியாது போலிருக்கே.

— சமாதானச் சந்து. சண்டைக்காரங்க எதிரெதிர வந்தா தோளு ஒரசித்தான் ஆகணும், பேசித்தான் ஆகணும். நானும் என் மச்சானும் இதுல மாட்டி, யாரு முதல்ல பேசுறதுன்னு மூணு நாள் நின்னோம். மேலேர்ந்து கூடையில சாப்பாடு எறக்கினாங்க. நாலாம் நாள் அவன் தும்மினான். அல்லா ரஹ்மத் செய்யட்டும்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். நான்தான் முதல்ல பேசினேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியிறான்.

— சிரிக்க வெக்காதீங்க, மூச்சு வாங்குது. ஆனாலும் அண்ணே, இந்த நீலத்தையும் பச்சையையும் பாருங்க. ஒரு வீட்டுச் சுவர் மாதிரி இன்னொண்ணு இல்ல. கோணலும் மாணலுமா போற இந்தச் சந்து முழுக்கக் காப்பி வறுக்கிற வாசம். எங்கம்மா மதிலுக்குள்ள பொறந்தவ. மத்தவங்களை ‘வெளி ஆளு’ன்னு சொல்லுவா, எங்கப்பா உட்பட. திமிருன்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா, நியாயந்தான்.

— உங்கப்பாகிட்டச் சொல்லாதீங்க.

— ஒண்ணு கேக்கிறேன், கதையில்லாம சொல்லுங்க. பொண்ணு ரெம்ஸியாவுக்கு வயசென்ன? இருபத்தாறுன்னு கேள்வி.

— தப்பு. முப்பத்தொண்ணு.

— குணம்?

— கோபக்காரி. வந்தா ரெண்டு நாளைக்கு எறங்காது.

— காப்பி வறுப்பாளா?

— கருக்கிடுவா.

— ஹரார்ல பொறந்துட்டா?

— ஹரார்ல பொறந்துட்டுத்தான்.

— உடம்புக்கு ஏதும் உண்டா?

— எடது காது கேக்காது. அஞ்சு வயசுல காய்ச்சல் வந்து போனது.

— அதுக்கு ஒரு கதையும் இல்லையா அண்ணே?

— அதுக்குக் கதை கிடையாது, தங்கச்சி. வலது பக்கமா உக்காந்து பேசினாப் போதும்.

— கேட்டுக்கிட்டேன்.

— இந்தாங்க உங்க பை. இதுதான் வீடு. வீட்டுக்காரர் ஜிக்ஜிகா போயிருக்கார். ஒட்டகத்து மேல. பாதி வழியில ஒட்டகம் மனசு மாறினா நாளைக்கு வருவார். நீங்க உள்ள போங்க.

— அவர் இல்லாம எப்படிப் பேசுறது?

— அவர் இல்லாதப்பவே பேசிடுங்க. அவர் வாயைத் திறந்தா கெட்டுடும். பொண்ணுக்கு ஒம்பது வருசம் போனது போதும்.

— டிரே டாவாவுல எங்க கடைக்குக் கூடை பின்னிக் கொண்டாந்து குடுக்கிறவ ரெம்ஸியாதான். ‘ஊர் வாசல்ல எங்கப்பாவே வலிய வந்து பையை வாங்குவார், சுவத்துல காப்பி கலந்த கதையில ஆரம்பிப்பார், மறுக்காம கூட நடங்க’ன்னு போன வாரமே சொல்லிட்டா. காது விசயத்தையும் அவளே சொன்னா. நீங்க சொல்றீங்களான்னு பார்க்கத்தான் நடந்தேன். போயி ஏணி எடுத்துட்டு வாங்க, சம்பந்தி. குருவிங்களுக்கு வேற எடம் பார்க்கணும்.